ஒளிய இடம் கொடுங்கள், மீன் வெளியே வரும்

மீன் கண்ணில் படவே மாட்டேன் என்கிறதே என்று தொட்டியிலுள்ள கல்லையும் செடியையும் எடுத்துவிடுபவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. மறைவிடத்தை இழந்த மீன் மூலையில் ஒண்டிக்கொள்ளும். ஓடி ஒளியப் பக்கத்திலேயே இடமிருந்தால்தான் அது துணிந்து நடுத்தொட்டியில் நீந்தும்.

காரணம் அதன் உடலுக்குள் இருக்கிறது. மிரண்ட மீனுக்குக் கார்டிசால் என்னும் பதற்ற ஹார்மோன் சுரக்கிறது. நமக்கு இதைச் சுரப்பது அட்ரீனல் சுரப்பி. மீனுக்கு அப்படித் தனிச் சுரப்பி கிடையாது. சிறுநீரகத்தின் முன்பகுதியில் கலந்திருக்கும் செல்களே அந்த வேலையைச் செய்கின்றன. சற்று நேரம் சுரந்தால் தப்பிக்க உதவும். நாள்கணக்கில் நீடித்தால் நோய் எதிர்ப்பு ஆற்றல் தளரும். வெள்ளைப்புள்ளி நோய் எளிதில் தொற்றும்.

நிறமும் அச்சத்தைக் காட்டிக்கொடுக்கும். மீன் தோலிலுள்ள நிறமிச் செல்களுக்குள் வண்ணத் துகள்கள் இடம் மாறுகின்றன. அவை செல் முழுக்கப் பரவினால் நிறம் அடர்கிறது. நடுவில் குவிந்தால் வெளுக்கிறது. பல இனங்கள் மிரண்டதும் வெளுப்பது இப்படித்தான்.

விளக்கை அணைத்தாலும் மீன் தன் பொந்தைச் சுற்றி இடிக்காமல் நீந்தும். தலையிலும் உடலின் இரு பக்கத்திலும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வு உறுப்பு, நுண்மயிர் செல்களால் நீரசைவை அறிகிறது. பக்கத்தில் சுவர் இருந்தால் நீரசைவு மாறும். அந்த மாற்றமே சுவரைக் காட்டிவிடும்.

எல்லா மீனுக்கும் ஒரே மறைவிடம் பொருந்தாது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில், நம் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத சிக்லிட் மீன் ஒன்று காலி நத்தை ஓட்டில் குடியிருக்கிறது. வாயால் மணலை அள்ளி அகற்றி, ஓட்டைப் புதைத்து, வாசலை மட்டும் திறந்துவைக்கிறது. முட்டையிடுவதும் அதற்குள்தான். முகத்தில் மீசைபோல் இழைகள் முளைத்த பிரிசில்நோஸ் சக்கர் மீனில் ஆண்தான் காவல்காரன். தன் உடல் அளவுக்குச் சற்றே பெரிய பொந்தைத் தேர்ந்து, பெண் இட்ட முட்டைகளுக்குத் துடுப்பால் நீரை விசிறிக் காக்கிறது. நியான் டெட்ராவோ குகையைத் தேடாது. அதற்கு அடர்ந்த செடியும் மேலே மிதக்கும் இலைநிழலும் வேண்டும்.

சண்டைக்கார மீன்களுக்கு மறைவிடம் பார்வைத் தடுப்பாகவும் உதவும். எதிரி கண்ணில் படாவிட்டால் துரத்தல் குறையும்.

பொருளிலும் கவனம் தேவை. நத்தை ஓடும் சுண்ணாம்புக்கல்லும் மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். கார நீரில் வாழும் டாங்கனிக்கா மீனுக்கு அது நல்லது. மென்னீர் விரும்பும் டெட்ராவுக்கு ஆகாது. கல்லை வெளியே வைத்து அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். கொதிக்கவைத்துக் கழுவிய தேங்காய்ச் சிரட்டையோ, சாயம் பூசாத சிறு மண்சட்டியோ பெரும்பாலான மீனுக்குப் போதும். விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். பொந்தில் வாழும் மீன்கள் எத்தனையோ, அதைவிட ஒரு பொந்து கூடுதலாக வையுங்கள்.