தீவை விட நீளமான கப்பல்

வண்டலூரிலிருந்து சென்னை கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயிலில் 10 ரூபாய். அங்கிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். சொகுசுக் கப்பலில் இலங்கைக்குப் போய் காட்டு முதலையையும் பவளப்பாறையையும் பார்த்துவர நினைப்பவரின் கணக்கில் இவ்வளவு மலிவான வரி வேறு இல்லை. அடுத்த வரியே பாஸ்போர்ட். 36 பக்கப் புத்தகம் பெரியவருக்கு 1,500 ரூபாய், சிறுவருக்கு 1,000. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, பெட்டி கட்டும் முன்பே 5,000 ஆகிவிடும்.

இது வெறும் கற்பனைப் பயணம் இல்லை. 2023 ஜூன் 5 அன்று கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பியது. 17.21 கோடி ரூபாயில் அமைந்த பயணியர் முனையமும் அன்றுதான் திறக்கப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைகளைத் தொட்டு, ஐந்து இரவுகளில் திரும்பும் வழித்தடம். கப்பல் 1990இல் நார்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் சேவைக்கு வந்தது. நீளம் 211 மீட்டர். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஐந்து இரவு என்றால் 120 மணி நேரம். வரைபடத்தில் அளந்தால் மொத்த ஓட்டம் ஏறக்குறைய 900 கடல் மைல். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் 60 மணி நேரம் தண்ணீரிலேயே போய்விடும். ஒரு துறைக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் கரையில் கிடைப்பது 24. டிக்கெட் விலை அறைக்கும் மாதத்துக்கும் ஏற்ப மாறும். கணக்குக்காக ஒருவருக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கரையில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் 2,500 ரூபாய் கொடுக்கிறோம். சாப்பாடும் படுக்கையும் அதில் அடக்கம் என்பது உண்மைதான். ஆனால் முதலைக்காகப் போகிறவருக்கு இந்த வகுத்தல்தான் முக்கியம். கரைச் சுற்றுலாக் கட்டணமும் பூங்கா நுழைவுச் சீட்டும் இதற்கு மேல்.

அம்பாந்தோட்டையில் இறங்கியதும் எல்லோரும் யால தேசியப் பூங்கா என்பார்கள். அங்கே போனால் சிறுத்தையைத் தேடும் ஜீப்புகளின் வரிசையில் பாதி நாள் கரையும். ஊர்வனதான் வேண்டும் என்றால் பூந்தலதான் என் தேர்வு. துறைமுக நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். யாலவின் வாசலோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலம் ஆனது பூந்தல. அங்கே பதிவான 324 முதுகெலும்பி இனங்களில் ஊர்வன 48. நன்னீர்ச் சதுப்பு முதலை, உவர்நீர் முதலை இரண்டும் ஒரே பூங்காவில். கப்பல்கள் போகும் ஜூன்–செப்டம்பர் அங்கே வறண்ட காலம் என்பதால் வலசைப் பறவைகள் இருக்காது. ஆனால் குளங்கள் சுருங்கச் சுருங்க, முதலைகள் மிஞ்சிய தண்ணீரைச் சுற்றி நெருங்கிவிடும். காலை வெயிலில் சேற்றுக் கரையில் வயிறு பதித்துக் கிடக்கும். உடம்பு சூடேறியதும் வாயைப் பிளந்து வெப்பத்தை விடும், அதற்கும் மேல் போனால் தண்ணீருக்குள் சறுக்கிவிடும். பத்து மணிக்குப் பிறகு ஜீப் ஏறுகிறவர் பெரும்பாலும் இரண்டு மூக்குத்துளைகளுக்குத்தான் காசு கொடுக்கிறார்.

திருகோணமலைக் கணக்கு இன்னும் இறுக்கமானது. 8 மணி நேரத்தில் குடிவரவு வரிசைக்கு ஒன்று, கப்பலுக்கு முன்கூட்டியே திரும்ப ஒன்று, நிலாவெளிக்குப் பேருந்தில் போய்வர ஒன்றரை, படகுக்கு அரை, சீட்டும் மிதவை அங்கியும் வாங்க ஒன்று. மிச்சம் மூன்று மணி நேரம். அந்தத் துறையின் பங்கான 20,000 ரூபாயை மூன்றால் வகுத்துப் பாருங்கள்.

அந்த மூன்று மணி நேரத்துக்குத் தகுதியான இடம்தான் புறாமலைத் தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. சுமார் 100 வகைப் பவளம், 300 வகை மீன். முகமூடி மாட்டித் தலையைக் கவிழ்த்தால் இடுப்பளவு தண்ணீரிலேயே மான்கொம்புப் பவளம் தெரியும், கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் கால் பக்கம் திரும்பிப் போகும். மேயவரும் அழுங்காமையும் பேராமையும் மூச்சுவிட மேலே வரும் ஊர்வன. அவற்றின் வழியை மறித்து நீந்தாதீர்கள்.

இப்போது அந்த 211 மீட்டர். புறாமலையின் பெரிய தீவு சுமார் 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். கப்பல் தீவை விட நீளம். தீவை முழுச் செவ்வகமாக எடுத்தாலும் 20,000 சதுர மீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஏற முடியாத பாறை. 1,500 பயணிகளில் ஐந்தில் ஒருவர் வந்தாலே 300 பேர். படகுக்கு 10 பேர் என்றால் 30 நடை. 300 பேருக்கு 600 துடுப்புக் கால்கள். மான்கொம்புப் பவளம் நல்ல தண்ணீரில் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் போல வளரும், பாறை போலத் திரளும் பவளம் ஒரே சென்டிமீட்டர். ஒரு முழ நீளத் துடுப்பு ஒரு உதையில் உடைப்பது பல ஆண்டு வளர்ச்சி. இந்தச் செலவு எந்த ரசீதிலும் வராது. அதனால்தான் சுற்றுலாவைப் பதிவு செய்கையில், விலையைக் கேட்பதற்கு முன்பே, ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தண்ணீரில் இறக்குகிறார்கள் என்று கேட்கச் சொல்கிறேன். துடுப்பு இல்லாமல் மிதவை அங்கியோடு மிதந்தாலே போதும், அங்கே ஆழம் தேவையில்லை. சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை. ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனை ஹவாய் 2021இலிருந்து விற்கவே விடுவதில்லை. உதிர்ந்த பவளத் துண்டு ஒன்றைக்கூடப் பையில் போடக் கூடாது. அங்கேயும் குற்றம், இங்கே இறங்கும்போதும் குற்றம்.

முதலை மட்டும் போதும் என்றால் கப்பலே வேண்டாம். வண்டலூர் உயிரியல் பூங்காவின் 602 ஹெக்டேர் நம் வாசலில், செவ்வாய் விடுமுறை. கேளம்பாக்கம் வழியாக ஈ.சி.ஆர். பிடித்தால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, திங்கள் விடுமுறை. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது, எட்டரை ஏக்கர். இந்தியாவின் மூன்று முதலை இனங்களையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். அவை வேலிக்குள் இருப்பவை, பூந்தலச் சேற்றில் கிடப்பவை அல்ல. அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு தரலாம் என்பது அவரவர் வீட்டுக் கணக்கு. புறாமலை மட்டும் போதும் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை படகுச் சேவை. அதில் போய், யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் திருகோணமலைக்கு இறங்கி, நிலாவெளியில் இரண்டு இரவு தங்கினால், மூன்று மணி நேரம் இரண்டு முழுக் காலைகளாகிவிடும். கூட்டத்துக்கு முந்திய முதல் படகும் கிடைக்கும்.