உங்களுக்குத் தெரியுமா? ஒரே நிறத்தில் ஒரு பூச்சித்திரம்

சங்க மரபில் மலைசார்ந்த குறிஞ்சி நிலத்துக்குரிய பூக்களில் ஒன்று செங்காந்தள். விரியும்போது இதழ்கள் வெளிர்பச்சை. பிறகு அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. வாடுவதற்குள் முழுச் சிவப்பு. நெளிந்த ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கித் தீக்கொழுந்துபோல நிற்கும்.

இந்தப் பூவைப் பரிசாக நீட்டும் தலைவனிடம், எங்கள் குன்றிலேயே இது கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது என்று தலைவியின் தோழி மறுப்பதுதான் குறுந்தொகையின் முதல் பாட்டு. அதைப் பாடிய திப்புத்தோளார் போர்க்களம், அம்பு, யானைத் தந்தம் என எல்லாவற்றுக்கும் சிவப்பையே பூசிவிட்டு, கடைசியில் குருதி நிறக் காந்தளுக்கு வருகிறார். காதல் பரிசு கைமாற வேண்டிய இடத்தில் இத்தனை ரத்தமா! படிக்கும்போது லேசாக அச்சம் தட்டுகிறதே, அது நிறம் செய்யும் வேலை.

1888 ஆகஸ்டில் பிரான்சின் ஆர்ல் நகரில் ஓவியர் வான்கோ இந்த ஒரே நிற வித்தையை மஞ்சளில் செய்தார்: மஞ்சள் சூரியகாந்தி, மஞ்சள் ஜாடி, மஞ்சள் சுவர். நண்பர் கோகன் தங்க வரவிருந்த அறைக்கு அலங்காரமாகத் தீட்டியவை இந்தச் சூரியகாந்திகள். எடுத்தது உற்சாக நிறம்தான், ஆனால் பல பூக்கள் இதழ் உதிர்ந்தோ தலை தொங்கியோ நிற்கின்றன. அவர் குழைத்த குரோம் மஞ்சளில் ஒரு வகை, வெளிச்சம் பட்டால் பழுப்பேறும். அன்றைய மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்திருக்கும்.