குட்டி யானைக்கு ஆயில் மாத்துறது: நாமளா, கடையா?

திருமழபாடியில் என் சித்தப்பா மகன் ஒரு குட்டி யானை வைத்திருக்கிறான். டாடா ஏஸ், பிஎஸ்-4 காலத்து டீசல், இரண்டே சிலிண்டர், 702 சிசி. அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை, மற்ற நாளில் செங்கல், அரியலூரிலிருந்து சிமென்ட், பங்குனியில் நந்தி கல்யாணம் வந்தால் பந்தல் சாமான். வண்டிக்கு இன்னும் டியூ கட்டி முடியவில்லை. இன்ஜின் ஒரு வாரம் படுத்தால் வீட்டுக் கணக்கே படுத்துவிடும். அவன் என்னிடம் கேட்ட கேள்வி இது: "யூடியூப்ல வெள்ளைக்காரன் அவன் டிரக்குக்கு அவனே ஆயில் மாத்திக்கிறான். நாமளும் மாத்தினா என்னண்ணே?"

கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து சம்பாதிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா என்றால், இல்லைதான். ஆனால் வண்டி மேனுவலை முழுசாகப் படிக்கிற ஆள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்தன்தான். அதனால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முதலில் அமெரிக்கக் கதை. அங்கே ஆயில் மாற்றுவதற்கென்றே தனிக் கடைகள் உண்டு. வண்டியை நேராக உள்ளே ஓட்டினால் கீழே பள்ளத்தில் ஒருத்தர், மேலே ஒருத்தர், பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். 1970-களில் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய ஜிஃபி லூப் இதில் பெரிய பெயர். பிறகு அது ஷெல் கம்பெனியின் கைக்குப் போனது. 3,000 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 4,800 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆகணும் என்ற பழக்கம் அங்கே வேரூன்றியதில் இந்தக் கடைகளின் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு. அங்கே ஆள் கூலி அதிகம். அதனால் "நானே மாத்தினா மிச்சம்" என்ற வாதம் எடுபடுகிறது.

நம்ம ஊரில் அந்த வாதம் எடுபடாது. ஆயிலும் ஃபில்டரும் அவரிடமே வாங்கினால் மெக்கானிக் அண்ணன் கூலியே கேட்காமல் மாத்திக் கொடுப்பார், இல்லை ஏதோ டீ செலவுக்கு வாங்கிக்கொள்வார். அப்போ நாமளே மாத்துவதில் காசு மிச்சம் என்று எதுவும் பெரிசா இல்லை. கிடைப்பது வேறு ஒன்று: உள்ளே என்ன ஆயில் போனது, எவ்வளவு போனது, ஃபில்டர் உண்மையிலேயே மாறியதா என்ற நிச்சயம். இதன் மதிப்பு என்னன்னு புரியணும்னா ஆயில் உள்ளே என்ன செய்யுதுன்னு பார்க்கணும்.

உராய்வைக் குறைப்பது எல்லாருக்கும் தெரிந்த வேலை. அதோடு பிஸ்டன் சூட்டை இழுத்துக்கொண்டு வரும், ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே சந்தை அடைக்கும், எரிந்த கரியைத் தன்னிடமே தூக்கி வைத்துக்கொள்ளும். இந்தக் கடைசி வேலைதான் நம்ம ஆட்களை ரொம்பக் குழப்புகிறது. "ஆயில் கருத்துப் போச்சு தம்பி, மாத்திடுங்க" என்று டிப் ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டுவார்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றி ஒன்றிரண்டு நாள் ஓட்டினாலே கருத்துவிடும். எரிப்பில் வரும் கரித்தூள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் பிரித்து மிதக்கவிடும் சேர்மானங்கள் ஆயிலிலேயே இருக்கின்றன. கருப்பாக இருக்கிறது என்றால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறே: பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீரோ கூலன்டோ கலந்திருக்கிறது, டீசல் வாடை அடித்து அளவும் ஏறியிருந்தால் எரியாத டீசல் கீழே இறங்குகிறது, விரலில் தேய்த்தால் நறநறவென்றால் மண்.

மண் விஷயத்தில் அரியலூருக்கென்றே ஒரு தனிக் கணக்கு உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் நிறைந்த மாவட்டம். கீழப்பழுவூர் பக்கம் போய்வந்தாலே வண்டி வெள்ளை பூசிக்கொள்ளும். டைனோசர் காலத்துக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்பு அது. பத்து கோடி வருஷத்தை நெருங்கும் கடல் நம்ம ஏர் ஃபில்டரில் வந்து உட்காருகிறது என்று நினைத்தால் கொஞ்சம் வேடிக்கையாத்தான் இருக்கு. அந்தத் தூசியைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் வெறும் 3. ஆற்று மணலின் குவார்ட்ஸ் 7. வார்ப்பிரும்பு லைனரைக் கீறக்கூடியது குவார்ட்ஸ். ஆக, சுண்ணாம்புத் தூசி ஃபில்டரை அடைத்து வண்டியை மூச்சுத் திணற வைக்கும்; லைனரையும் பேரிங்கையும் அரிக்கிற உண்மையான எதிரி கொள்ளிடக்கரையின் மணல் தூசி. கண்ணுக்கே தெரியாத பத்து, இருபது மைக்ரான் துகள்தான் இதில் மோசம். ஆயில் படலத்தின் தடிமனே சில மைக்ரான்தான். தலைமுடி சுமார் எழுபது மைக்ரான் என்பதை வைத்து நினைத்துப் பாருங்க. அந்தத் துகள் உள்ளே வரும் வாசல் பெரும்பாலும் ஏர் ஃபில்டரும் அதன் ரப்பர் குழாயும். ஆயிலை அடிக்கடி மாத்திவிட்டு, ஏர் ஃபில்டரை வீல் மேல் தட்டித் தட்டியே இரண்டு வருஷம் ஓட்டுகிற ஆட்களை நிறையப் பார்க்கலாம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? மேனுவலில் பொதுவாக இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, இன்னொன்று கடின ஓட்டத்துக்கு. தூசி, அதிக பாரம், குறுகிய தூரம், நின்று நின்று போவது, வண்டியை ஆஃப் பண்ணாமலே நிறுத்தி வைப்பது எல்லாம் இரண்டாவதில் வரும். களத்துமேட்டிலிருந்து கொள்முதல் நிலையம் வரை நாலு கிலோமீட்டர் போய், வரிசையில் இன்ஜின் ஓடியபடி காத்திருந்து திரும்பும் வண்டிக்கு ஓடோமீட்டர் பொய் சொல்லும். இன்ஜின் சரியாகச் சூடாகாததால் உள்ளே படிந்த ஈரமும் டீசலும் ஆவியாகி வெளியேறாது; ஓடிய மணி ஏறும், கிலோமீட்டர் ஏறாது. திருச்சி, தஞ்சாவூர் என்று ஒரே மூச்சில் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. தம்பி வண்டி சந்தேகமே இல்லாமல் கடின ஓட்டம். அதற்காகக் கடின ஓட்டக் கணக்கையும் பாதியாக வெட்டச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, என்ன ஆயில். கேனில் 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலம். முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பது. பின்னால் உள்ளது 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டி என்பது. "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில் ஊத்துங்க" என்பது ஊரில் பரவலான யோசனை. வெளியே 40 டிகிரி என்றாலும் 20 டிகிரி என்றாலும் ஓடும் இன்ஜினின் சூட்டை தெர்மோஸ்டாட் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் பிடித்து வைக்கிறது. கம்பெனி சொன்ன எண்ணைத் தாண்ட இதில் காரணம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியம் கேனின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் ஏபிஐ தரம்: சிஎச்-4, சிஐ-4, சிகே-4 என்று போகும், எழுத்து முன்னேற முன்னேறப் புதிய தரம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் போடணும். பழைய ஆயிலைப் போட்டால் இன்ஜின் அப்போதைக்கு ஒன்றும் சொல்லாது. வடிகட்டி மெல்ல அடைக்கும், பில் பெரிசா வரும். தெரு மெக்கானிக்குகளில் பலர் இன்னும் எல்லா டீசலுக்கும் ஒரே பேரல் ஆயிலைத்தான் ஊற்றுகிறார்கள். பிஎஸ்-6 வைத்திருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கேனைத் தாங்களே வாங்கிப் போகலாம்.

கடைகளில் என்ன தப்பு நடக்கும்? ஒரு தடவை, எந்த ஊர் என்பது வேண்டாம், என் கார் ஃபில்டருக்கு பில் போட்டிருந்தார்கள். கீழே குனிந்து பார்த்தால் பழைய ஃபில்டரையே பளிச்சென்று துடைத்து விட்டிருந்தார்கள். டிரெய்ன் நட்டைப் பெரிய ஸ்பேனர் போட்டு வெறியோடு முறுக்கி மரையைக் கெடுப்பது இன்னொன்று. அளவுக்கு மேல் ஊற்றுவதும் உண்டு. கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கினால் பேரிங்குக்குப் போவது ஆயிலும் காற்றும் கலந்த மோர்தான். எல்லாவற்றையும் விட மோசமானது போலி ஆயில். காயலான் கடைக்குப் போன நல்ல கம்பெனிக் கேன், மட்டமான ஆயிலை நிரப்பிக்கொண்டு புது மூடியோடு திரும்பி வரும். அதனால் காலிக் கேனை முழுசாக விடாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரால் நாலு ஓட்டை போட்டுவிட்டு எறியுங்க.

சரி, நாமளே மாத்துவது என்றால் கஷ்டமா? கஷ்டம் இல்லை, அவசரம்தான் ஆகாது. சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கணும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி டயர் மாத்தத்தான். இன்ஜினை அஞ்சு பத்து நிமிஷம் ஓட்டி வெதுவெதுப்பாக்கினால் ஆயில் இளகி அழுக்கோடு இறங்கும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். கையுறை போடுங்க, இது அலங்காரத்துக்கு இல்லை: பழைய ஆயிலில் எரிப்பில் உருவாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருக்கும், தோலுக்கு நல்லதல்ல, புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு. மேல் மூடியைத் திறந்து வைத்து, சம்ப் நட்டைச் சரியான ரிங் ஸ்பேனரால் கழற்றி, கால் மணி நேரம் சொட்டவிடுங்க. வாஷர் புதுசு போடுங்க, விலை ரொம்பக் கம்மி. திருகும் வகைப் புது ஃபில்டர் என்றால் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் வேண்டாம். பழைய ரப்பர் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நிற்கவில்லையே என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போடணும். ரப்பர் மேல் ரப்பர் உட்கார்ந்தால் ஓடும்போது ஆயில் மொத்தமும் பீய்ச்சிவிடும். மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு அணைந்ததும் நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து மிச்சத்தை ஊற்றணும். இதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

இருந்தாலும் தம்பிக்கு நான் சொன்னது நடு வழி. ஆயிலையும் ஃபில்டரையும் பில்லோடு, டீலரிடம் நீயே வாங்கு. மெக்கானிக் அண்ணன் மாத்தட்டும். நீ பக்கத்திலேயே நில்லு. அவருக்கு உண்டான கூலியை மறுபேச்சில்லாமக் கொடு. ஆயிலில் கிடைக்கும் லாபத்தை வைத்துத்தான் அவர் கூலி கேட்காமல் இருந்தார். ஆயிலை நாம் வெளியே வாங்கிவிட்டுக் கூலியும் தராமல் போனால் அது நியாயம் இல்லை. தேதி, கிலோமீட்டர், ஆயில் பெயர் மூணையும் ஒரு நோட்டில் எழுதி வை.

வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் கதை மாறும். வெளியே கை வைத்தால் வாரன்டி போச்சு என்ற நிபந்தனை சரியா என்பது இந்தியாவில் பெரிய வழக்காகவே நடந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுதுபார்ப்புத் தகவல்களையும் வெளிச் சந்தைக்கு விடாமல் அடைத்து வைத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் பார்த்தால் வாரன்டி ரத்து என்ற நிபந்தனையும் அதில் கேள்விக்கு உள்ளானது. ஆனால் அது கார்களைப் பற்றியது, அதன்பின் மேல்முறையீடுகளும் போயின. ஒரே ஒரு வண்டியை நம்பிப் பிழைப்பவர் சட்டப் போராட்டத்துக்கு அலைய முடியாது. வாரன்டி முடியும் வரை கம்பெனி சர்வீஸிலேயே விட்டு பில்லைப் பத்திரமாக வைப்பதுதான் புத்தி.

கடைசியாக, வீட்டில் மாத்துவதில் எனக்கு உண்மையிலேயே உறுத்துவது பழைய ஆயில்தான். ஊரில் அது வீணாகாது என்பார்கள், அதுவும் சரிதான்: சென்ட்ரிங் பலகைக்குத் தடவ, மாட்டுக்கொட்டகை மரத்தில் கரையானுக்கு, துருப்பிடித்த கலப்பைக்கு. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மாட்டு வண்டி அச்சுக்கு மை போட்ட ஊர், எண்ணெயை வீணாக்கத் தெரியாது. ஆனால் வண்டி மை மண்ணில் விழுந்தால் மக்கும். இதில் இருப்பது உலோகத் துகளும் கரியும் சேர்மான ரசாயனமும். தென்னங்கன்றுக்கு அடியிலோ வாய்க்காலிலோ ஊற்றினால் எங்கே போகும்? களிமண் என்றால் கொஞ்சம் பிடித்து வைக்கும். கொள்ளிடக்கரை மணல் பிடிக்காது, நேராக இறங்கும். அந்த மணலுக்குள்தான் சுற்றுவட்டார ஊர்களின் குடிதண்ணி இருக்கிறது. ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில் அதைக் கரைத்துக்கொண்டு போகவும் ஆள் இல்லை.

2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போகணும். 2023-ல் திருத்தம் கொண்டுவந்து, 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பில் ஆயில் தயாரிப்பாளர்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆயிலில் கெட்டுப்போவது பெரும்பாலும் சேர்மானங்கள்தான். அடிப்படை எண்ணெயை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்துத் திரும்ப எடுத்துவிடலாம். அதனால் பழைய ஆயிலுக்கு விலை உண்டு. கிராமம் வரைக்கும் வந்து வாங்கிப்போகும் ஏற்பாட்டை எங்கள் பக்கம் இன்னும் நான் பார்க்கவில்லை. இப்போதைக்குச் செய்யக்கூடியது, காலியான ஆயில் கேன் ஒன்றை மட்டும் ஓட்டை போடாமல் வைத்துக்கொண்டு, அதிலேயே பழையதை ஊற்றி, மேலே "பழைய ஆயில்" என்று பெயின்ட்டால் எழுதி, லோடு போகும்போது பேரல் வைத்துச் சேர்க்கும் சர்வீஸ் சென்டரில் கொடுப்பது. கொடுப்பதற்கு முன் அந்த பேரல் யாருக்குப் போகுதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கூலன்டு, பிரேக் ஆயில், பெட்ரோல் எதுவும் அந்தக் கேனில் சேரக்கூடாது. கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு ஆகாது, எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.