கிளம்ப மறுக்கும் பழைய மோட்டார் சைக்கிள்

கொல்கத்தாவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், தந்தையோ பாட்டனாரோ உத்தியோக காலத்தில் வாங்கி ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று மாடிப்படியின் அடியில் துணி போர்த்து நிற்பதைக் காணலாம். உடையவருக்கு வயது முதிர்ந்துவிட்டது. பிள்ளைகள் வேறு ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். என்றோ ஒரு நாள் வீட்டு இளைஞர் ஒருவர் ஆசையோடு இருபது முறை உதைத்துப் பார்க்கிறார். வண்டி கிளம்புவதில்லை. “இனி இது உதவாது” என்று தீர்ப்பாகிறது. பழைய இரும்பு வாங்குகிறவர் எடை போட்டு எடுத்துச் செல்கிறார். இவ்விதம் அவசரத்தில் கைவிடப்படும் வண்டிகளில் பலவற்றுக்கு, ஓர் ஊசித் துவாரத்தில் அடைத்த அழுக்கைத் தவிர வேறு நோய் இராது. ஆகவே, தீர்ப்புக்கு முன் விசாரணை நடைபெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இத்தகைய வண்டிகளுள் புல்லட்டின்மீது நம்மவர்களுக்குத் தனிப் பற்று உண்டு. அது தமிழ் மண்ணில் உருவான வண்டி. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் கூட்டுறவோடு, 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அதன் திருவொற்றியூர் ஆலையில் 350 சி.சி. புல்லட் உருவாகத் தொடங்கியது. 1970ஆம் ஆண்டையொட்டித் தாய்க் கம்பெனி மறைந்த பின்னரும் சென்னைப் பிள்ளை மறையவில்லை. மைசூரில் செய்யப்பட்ட யெஸ்டியும், போலந்து நாட்டு மாதிரியைத் தழுவிய ராஜ்தூதும் இந்நகரத் தெருக்களில் நெடுங்காலம் ஓடியவையே. கீழே கூறுபவை பெரும்பாலும் புல்லட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை; ஆயினும் அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பெட்ரோல் யந்திரம் உயிர் பெறுவதற்கு நான்கு பொருத்தங்கள் வேண்டும். பெட்ரோல் வர வேண்டும். அதனோடு காற்று அளவாகக் கலக்க வேண்டும். அந்தக் கலவையை பிஸ்டன் நன்றாக அழுத்த வேண்டும். அழுத்திய தருணத்தில் பிளக்கில் பொறி பறக்க வேண்டும். இந்நான்கும் கூடினால் வண்டி கிளம்பாமல் இராது. கிளம்பவில்லையெனில் நான்கில் ஒன்று குறைகிறது. எது குறைகிறது என்று அறியாமல் உதைத்துக்கொண்டே இருப்பதால் உதைப்பவர் களைப்பதே மிச்சம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பழைய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை.

முதலில் வண்டியை மாடிப்படியிலிருந்து வெளியே, காற்றோட்டமான முற்றத்துக்கோ வாசலுக்கோ தள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய இடத்தில் தரையோடு தங்கி நிற்கும். பூஜை விளக்கோ சிகரெட்டோ அருகில் இருத்தலாகாது. யந்திரம் கிளம்பிவிட்டால் வெளிவரும் புகையில் மணமற்ற நச்சு வாயு உண்டு என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்தவுடன் உதைக்கலாகாது. பிளக்கைக் கழற்றி, அத்துவாரத்தில் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாகச் சில முறை அழுத்த வேண்டும். காய்ந்துபோன சிலிண்டர் சுவரில் எண்ணெய் படரும். பிஸ்டன் இறுகியிருந்தால் அதுவும் இப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து எளியவற்றைப் பார்த்துவிட வேண்டும். டாங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா? குழாய் திறந்திருக்கிறதா? மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால், நிறைந்த டாங்க்கிலிருந்தும் பெட்ரோல் இறங்காது. ஃப்யூஸ் சரியாக இருக்கிறதா? பாட்டரியின் முனைகளில் வெண்மையான பூப்பு படிந்திருக்கிறதா? பேர்போன மிஸ்திரிகளும் இக்கேள்விகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இனி பிளக்கைக் கேட்க வேண்டும். வைத்தியருக்கு நாடி எவ்வாறோ அவ்வாறு மிஸ்திரிக்கு பிளக். அதைத் திருப்பி மாட்டி ஐந்தாறு முறை உதைத்தபின் கழற்றிப் பார்த்தால், அது உலர்ந்திருக்கும், அல்லது நனைந்திருக்கும். உலர்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கு வரவில்லை. கார்பரேட்டரை நோக்கிச் செல்ல வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது. பொறியை நோக்கிச் செல்ல வேண்டும். இந்த ஒரு சோதனையால் பாதி வேலை குறைந்துவிடுகிறது.

கார்பரேட்டரின் நோய் பெரும்பாலும் நின்றுபோன பெட்ரோலால் வருவது. பெட்ரோல் ஆவியாகி மறையும்போது பிசின் போன்ற ஒரு படிவை விட்டுச் செல்கிறது. அது முதலில் அடைப்பது மிகச் சிறிய துவாரமுள்ள பைலட் ஜெட்டை. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022ஆம் ஆண்டில் 10 சதவிகிதத்தையும், 2025ஆம் ஆண்டில் 20 சதவிகிதத்தையும் எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. கங்கைக் கரையின் ஈரக் காற்றில் பல மாதம் நிற்கும் வண்டியில், அந்த நீர் பிரிந்து டாங்க்கின் அடியில் தங்குவதும் துருப்பிடிப்பதும் இயல்பு. பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலில் ஊறி உப்பிவிடக் கூடும். ஆகவே பழைய பெட்ரோலை முற்றிலும் வடித்துவிட்டுப் புதிதாக ஒரு லிட்டர் ஊற்றுவதே முதல் மருந்து. ஜெட்டைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியால் குத்தலாகாது. ஜெட் பித்தளையால் ஆனது. துவாரம் மயிரிழை அகன்றாலும் கலவையின் அளவு கெட்டுவிடும்.

பிளக் நனைந்திருந்தால், அதைத் துடைத்து உலர்த்தி, மூடியோடு பொருத்தி, அதன் உலோக உடலை யந்திரத்தின்மீது படும்படி வைக்க வேண்டும். பிளக் துவாரத்துக்குத் தூரமாக வைப்பது முக்கியம். அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். சாவியைத் திருப்பி உதைத்தால், நீல நிறத்தில் ‘சடக்’கென்ற ஒலியோடு பொறி பறக்க வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்த பொறி போதாது.

பொறி இல்லையென்றால், பழைய புல்லட்டில் முதற் சந்தேகம் பாயிண்டின்மீது விழ வேண்டும். இங்கே அம்மீட்டர் நமக்குச் சாட்சியாக நிற்கிறது. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாய வேண்டும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். முள் அசையவே இல்லையென்றால் பாட்டரி, ஃப்யூஸ், அல்லது அழுக்கேறிய பாயிண்ட் காரணம். சாய்ந்தபடியே நின்றுவிட்டால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ மின்சாரம் கசிகிறது. வங்கத்து மழைக்காலம் முடிவதற்குள் பாயிண்டின் முகத்தில் மெல்லிய பூப்புப் படிந்துவிடுவது சகஜம். நைஸான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, சுத்தமான காகிதத்தை இடையில் வைத்து இழுத்துத் துடைத்தால் போதும். முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். பாயிண்டிலேயே பெரிய பொறி பறந்து முகம் கருகியிருந்தால் கண்டன்சர் பழுதாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும்.

பெட்ரோலும் பொறியும் சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். கிக்கர் தடையின்றி விழுந்தால் அழுத்தம் கசிகிறது. உடனே பிஸ்டன் ரிங் போய்விட்டதென்று முடிவு செய்ய வேண்டாம். டீகம்ப்ரஸர் கம்பி அதிகமாக இறுகியிருந்தாலும், டாப்பெட் இறுகியிருந்தாலும், நின்றுபோனதால் வால்வு ஒட்டியிருந்தாலும் இதே குறி தோன்றும். இவை சிறு செலவில் தீருபவை.

உதைக்கவும் ஒரு முறை உண்டு. கிக்கரைத் தடை தென்படும்வரை மெதுவாக அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு சிறிதே கடத்தி, அதை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மூச்சில் முழுதாக உதைக்க வேண்டும். பாதி உதை உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். செருப்போடு உதைப்பதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்குத் தனி விதி. 2025 செப்டம்பர் 23ஆந்தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இந்நகரில் சுமார் 250 மி.மீ. மழை கொட்டியதையும், தெருவில் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்ததையும் நாம் மறக்கலாகாது. நீர் வடியும்வரை வண்டியிடம் போகவே வேண்டாம். வடிந்த பின்னரும் உடனே உதைக்கலாகாது. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் நீர் இருக்கையில் உதைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக் கூடும். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாகச் சுற்றி நீரை வெளியேற்றி, என்ஜின் ஆயிலைப் பார்க்க வேண்டும். அது பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் முற்றிலும் மாற்றிய பிறகே மேற்கொண்டு எதுவும் செய்யலாம்.

உதிரிப் பாகங்களுக்கு மல்லிக் பஜார் இருக்கிறது; பழைய வண்டிச் சாமான்களுக்குப் பேர்போன இடம். பெயர் சொல்லிக் கேட்பதைவிடக் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே நலம். மிஸ்திரியிடம் வண்டியை விடும்போதும், “கிளம்பவில்லை” என்று மட்டும் கூறாமல், “பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை” என்று கூறினால் காலமும் கூலியும் மிச்சமாகும்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு பரிசோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வாகனங்களின் புகையைக் குறித்து இந்நகரில் நீதிமன்றங்கள் கண்டிப்பு காட்டி வருகின்றன. 2008ஆம் ஆண்டிலேயே பழைய வர்த்தக வாகனங்களை நீக்கும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆதலால் பணம் செலவிடுமுன் பெல்டலா மோட்டார் வாகன அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டறிவது உத்தமம். வண்டியை உடைக்கக் கொடுப்பதே முடிவானாலும், 14 நாட்களுக்குள் அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இதைச் செய்யாவிடில், யாரோ ஓட்டும் வண்டிக்கு நம் வீட்டுப் பெரியவர் பதில் சொல்ல நேரிடலாம்.

செப்டம்பர் மத்தியில் விசுவகர்மா பூஜையன்று இவ்வூரில் வாகனங்களுக்கெல்லாம் மாலை ஏறுகிறது. சில வாரங்களில் நம் ஆயுத பூஜையும் வந்துவிடுகிறது. மழையும் ஓயும் பருவம் அது. சந்தனம் குங்குமம் இடுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையை பிளக்குக்கும் பாயிண்டுக்கும் கார்பரேட்டருக்கும் ஒதுக்கிவிட்டால், அவ்வண்டி ஆண்டு முழுவதும் உதவும். ஒரு சிறு நோட்டில் தேதியையும் செய்த வேலையையும் குறித்து வைப்பது, அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லும் வழித்துணையாகும்.