பாலர் பள்ளியில் பெரியோர்க்கும் பாடமுண்டு

"இன்று பள்ளியில் என்ன எழுதினாய்?" பாலர் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் பலர் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. "விளையாடினேன்" என்று பிள்ளை விடை கூறினால், ஒரு நாள் வீணாயிற்றே என்று வருந்துவோர் உளர். வீட்டிலிருந்தாலும் இதே விளையாட்டுத்தானே என்று கருதி, பிள்ளையை அனுப்புவதையே நிறுத்திவிடுவோரும் உளர். ஆகவே, அங்கு என்ன நடைபெறுகிறது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

பாலர் பள்ளி முறைக்கு வித்திட்டவர் பிரெடரிக் பிரோபெல் என்னும் ஜெர்மானியக் கல்வியாளராவார். 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் அவர் சிறுவர் நிலையமொன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். பந்து, மரக்கட்டை முதலிய விளையாட்டுப் பொருள்களையே கல்விக் கருவிகளாக்கினார். நம் நாட்டில், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக ஆக்கிற்று.

தோட்டம் என்னும் சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கித்தாக் கன்றை நட்டபின், பால் வெட்டுவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்திருக்கிறோம். அடிமரம் போதிய அளவு பருக்குமுன் கத்தி வைத்தால் அதன் வளர்ச்சி குன்றும் என்பதை அறிவோம். மரத்திடம் காட்டும் இப்பொறுமையை நான்கு வயதுப் பிள்ளையிடம் காட்ட வேண்டாமா?

களிமண்ணைப் பிசைவதும், மணி கோப்பதும், தாளைக் கிழித்து ஒட்டுவதும் வெறும் பொழுதுபோக்கல்ல. பென்சிலைப் பற்றுவதற்கு விரல்களின் சிறு தசைகள் வலுப்பெற வேண்டும். கண்ணும் கையும் இணைந்து இயங்கப் பழக வேண்டும். இவ்விரண்டும் அமையுமுன் எழுதுமாறு வற்புறுத்தினால், கை வலிப்பதோடு எழுத்தின் மீதே பிள்ளைக்கு வெறுப்பும் உண்டாகிறது.

அடுத்தது, முறைக்குக் காத்திருத்தல். ஊஞ்சல் ஒன்றும் பிள்ளைகள் ஐவரும் இருக்குமிடத்தில், "உனக்குப் பின் நான்" என்னும் ஒழுங்கு தானாகவே தேவைப்படுகிறது. முதல் வாரத்தில் அழுகையும் இழுபறியும் இருக்கும். நாளடைவில், தன் முறை தவறாமல் வரும் என்று கண்டபின், பிள்ளை அமைதியாக நிற்கிறது. காத்திருக்கும் பொறுமை நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது. மருந்தகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் பெரியோர் வரிசையை மீறுவதைக் காணும் பிள்ளையிடம் இந்த நம்பிக்கை நிலைக்குமா?

கை கழுவுதலும் முக்கியமான பாடமாகும். 1997இல் சரவாக்கில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவியபோது இளங்குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். நோயுற்ற பிள்ளையின் எச்சில், சளி, மலம், கொப்புளநீர் ஆகியவற்றின் வழியாக இந்நோய்க் கிருமி பரவுகிறது. சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில், குறைந்தது 20 விநாடிகள் கைகளைத் தேய்த்துக் கழுவுதல் சிறந்த தடுப்பு முறைகளுள் ஒன்றாகும். இதனைப் பள்ளியில் கற்ற பிள்ளை வீட்டிலும் "கை கழுவினீர்களா, அப்பா?" என்று கேட்கக்கூடும். அதனை அதிகப்பிரசங்கித்தனம் என்று அதட்டாமல், உடனே எழுந்து கழுவி வருவதே தக்க விடையாகும்.

இறுதியாக, பிரிவைப் பற்றிய பாடம். பள்ளி தொடங்கும் நாள்களில், பிள்ளை வேறுபக்கம் பார்த்திருக்கும் வேளையில் தாய் சொல்லாமல் நழுவிவிடுவதுண்டு. அப்போதைக்கு அழுகை குறைந்தாற்போல் தோன்றும். ஆனால், கண் அகன்றால் அம்மா மறைந்துவிடுவாள் என்னும் அச்சம் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடும். மறுநாள் முந்தானையை இன்னும் இறுகப் பற்றும். "நீ சாப்பிட்டு முடித்தபின் அம்மா வருவேன்" என்று கூறி விடைபெறுங்கள். சொன்ன வேளையில் வந்து நில்லுங்கள். வேலை காரணமாகப் பாட்டியோ அண்ணனோ வருவதாயின், அதனையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். சில நாள் அழுதாலும், பெரியோர் சொல் பொய்க்காது என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் பழமொழி. இதனைப் பிரம்பெடுப்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. வளைத்தல் வேறு, ஒடித்தல் வேறு. பிள்ளை வளைவது நாம் வாழ்ந்து காட்டும் பக்கமாகவே.

ஆதலின், பெற்றோர் செய்ய வேண்டுவன எளியனவே. பிள்ளையை நாள்தோறும் தவறாமல் அனுப்புங்கள். விளையாடிய பொருளை வீட்டிலும் எடுத்த இடத்தில் வைக்கப் பழக்குங்கள். மாலையில் பத்து நிமிடம் அருகமர்ந்து, "இன்று யாரோடு விளையாடினாய்? யாருக்கு உதவினாய்? உன்னைச் சிரிக்க வைத்தது எது?" என்று நம் தாய்மொழியில் கேளுங்கள். நடந்ததைக் கோவையாகச் சொல்லப் பழகும் பிள்ளைக்கு, நாளை அதனை எழுதுவதும் எளிதாகும்.