கம்பியில்லா இணைப்பு

கண்ணுக்குப் புலனாகாமலே மனிதனுக்குத் தொண்டு புரியும் பொருள்கள் பல. காற்று அவற்றுள் ஒன்று. வானொலி அலை மற்றொன்று. இவ்வலைகள் உண்மையில் உள்ளன என்பதை ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1888-ஆம் ஆண்டளவில் ஆய்வால் நிறுவினார். பின்னர், இந்திய அறிஞர் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா நகரில் அவ்வலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். இன்று வீட்டுக் கணினியை இணையத்தோடு சேர்க்கும் வைஃபையும் இத்தகைய அலைகளின் பணியே.

செட்டிநாட்டில், குன்றைக் குடைந்து அமைத்த கோயிலால் புகழ் பெற்ற ஊர் பிள்ளையார்பட்டி. இவ்வட்டாரத்துப் பழைய வீடுகள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என நீண்டு செல்வன. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள் கோடை வெப்பத்தைத் தணிக்கின்றன. ஆனால், அச்சுவர்களே அலைகளையும் மெலியச் செய்கின்றன. அலைகளைப் பரப்பும் ரூட்டரை முகப்பில் வைத்து, மூன்றாம் கட்டில் கணினியை இயக்கினால், இணைப்பு அடிக்கடி அறுபடுவதில் வியப்பில்லை.

இதனைச் சிறு தொல்லை என்று தள்ளுதல் கூடாது. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இறுதி நாளில் இணைப்பு அறுந்தால், மாணவன் ஒருவனின் ஓராண்டு வீணாகலாம். கடல் கடந்து வாழும் மகனின் முகத்தைக் கணினியில் காணக் காத்திருக்கும் தாய்க்குப் பாதியில் நின்ற பேச்சு எத்துணைக் கவலை தரும்! இந்நிலையில் சிலர் காரணம் அறியாமலே புதிய கணினி வாங்கிப் பொருளை இழக்கின்றனர்.

நல்ல மருத்துவன் முதலில் நாடி பார்ப்பான். பின்னரே மருந்து கொடுப்பான். இங்கும் அம்முறையே ஏற்றது. முதலாவதாக, கணினி உள்ள இடத்திலேயே கைப்பேசியை வைத்துப் பார்த்தல் வேண்டும். கைப்பேசியில் இணைப்பு நிலைத்திருந்து, கணினியில் மட்டும் அறுபடுமாயின், குறை பெரும்பாலும் கணினியினுடையது. அதன் அலைவாங்கியோ, அதனை இயக்கும் மென்பொருளோ பழுதுற்றிருக்கலாம்.

இரண்டிலும் அறுபட்டால், கணினியை ரூட்டருடன் கம்பியால் இணைத்துச் சிறிது நேரம் பார்க்க வேண்டும். கம்பி வழியும் இணைப்பு அறுபடின், குறை ரூட்டரிலோ வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ உள்ளது. அதனைச் சேவை தரும் நிறுவனத்தாரிடம் தெரிவித்தல் வேண்டும். கம்பி வழி இணைப்பு நிலைத்து நின்றால், பெரும்பாலும் அலைகளின் பாதையில் தடை உள்ளது எனலாம்.

வைஃபை அலைகள் பெரும்பாலும் இரு வகையின. ஒரு வகை வினாடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிர்வது. அது சுவர்களை ஓரளவு கடந்து செல்லும். ஆயினும், அண்டை வீட்டு ரூட்டர்களும் புளூடூத் கருவிகளும் அதனையே பயன்படுத்துவதால் நெரிசல் மிகுதி. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அளவான அதிர்வில் இயங்குவதால், அருகில் அது இயங்கும்போது இணைப்புத் தடுமாறலாம். மற்றொரு வகை 500 கோடி முறைக்கு மேல் அதிர்வது. அது விரைவு மிக்கது. ஆனால், தடித்த சுவரைக் கடப்பதில் முன்னதைவிட வலிமை குன்றியது.

ஆதலின், ரூட்டரை மூலையிலோ, இரும்பு பீரோவின் பின்னாலோ, பாத்திரங்களுக்கு இடையிலோ வைத்தல் ஆகாது. உலோகம் அலைகளைத் திருப்பிவிடும். வளவின் திறந்த முற்றத்தை ஒட்டி, மழை படாத உயரமான இடத்தில் வைத்தால், சுற்றிலுமுள்ள அறைகளுக்கு அலைகள் எளிதில் செல்லும். நெரிசல் காரணமாயின், முதல் வகை அலையில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்னும் தடங்களுள் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வீடு மிக நீண்டதாயின், மூன்றாம் கட்டு வரை கம்பி இழுத்து, அங்கே மற்றோர் அலைபரப்பியை அமைப்பதே உறுதியான வழி.

மாற்றங்களை ஒவ்வொன்றாகவே செய்தல் வேண்டும். பல மாற்றங்களை ஒருங்கே செய்தால், பயன் எதனால் விளைந்தது என்பது புலப்படாது. இணைப்பு அறுபடும் நேரத்தையும் இடத்தையும் குறித்து வைப்பதும் நன்று. பொறுமையுடன் காரணத்தைத் தேடுவோர் பொருளையும் காலத்தையும் காத்துக்கொள்வர்.