பசுவின் புரதமும் பாலகரின் ஒவ்வாமையும்

பசுவோடு நெருங்கி வாழும் மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்றாகும். இரத்தோட்டை, எல்கடுவைப் பகுதித் தோட்டங்களில் லயனுக்குப் பின்னால் ஒரு பசுவைக் கட்டி, அதன் பாலை விற்றுப் பிள்ளைகளின் கொப்பிச் செலவைச் சமாளிக்கும் குடும்பங்கள் உள்ளன. உக்குவளை, வரக்காமுறை, கலேவெலப் பகுதிகளில் வாழும் முஸ்லிம் இல்லங்களில் மாட்டிறைச்சி விருந்துக்குரிய உணவு. வழிபாட்டிலும் உணவிலும் இரு சமூகங்களும் பசுவை வெவ்வேறு விதமாக நோக்கினும், இரு வீட்டுக் குழந்தைகளும் பசும்பாலையோ பால்மாவையோ அருந்தியே வளர்கின்றனர். அப்பாலே ஒரு சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையைத் தருகிறது என்பதும், அவ்வொவ்வாமைக்கும் 9ஆம் மாதத்தில் ஏற்றப்படும் தடுப்பூசிக்கும் ஒரு தொடர்பு இருக்கக்கூடும் என்பதும் நம்மிற் பலர் அறியாத செய்திகளாகும்.

இத்தொடர்பை விளங்கிக்கொள்ளச் சற்றே விலகி, பசுவின் கருவைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை நோக்குதல் வேண்டும். உயர்ரகப் பசுவின் முட்டையை ஆய்வுகூடத்தில் கருக்கட்டச் செய்து, ஏறத்தாழ 7 நாட்கள் திரவமொன்றில் வளர்த்து, பின்னர் வேறொரு பசுவின் கருப்பையில் வைக்கும் முறை இன்று பல நாடுகளில் வழமையாகிவிட்டது. அந்த 7 நாட்களும் அக்கரு எதை உண்டு வாழ்கிறது என்பதே விஞ்ஞானிகளின் வினா. முதல் நாட்களில் அது குளுக்கோசை அதிகம் நாடுவதில்லை. பைரூவேற்று, லக்றேற்று ஆகியவற்றிலிருந்தே சக்தியைப் பெறுகிறது. 8 முதல் 16 கலங்களாகப் பெருகும் கட்டத்தில் கருவின் சொந்தப் பரம்பரையலகுகள் விழித்தெழுகின்றன. அதன் பின்னரே குளுக்கோசுத் தேவை உயர்கிறது. வயிற்றிலுள்ள பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று எம் பாட்டிமார் பட்ட கவலையை நுணுக்குக்காட்டியின் கீழ் பட்டவர்கள் இவர்கள் எனலாம்.

ஆனால் தொடக்க காலத்தில் இவ்விபரங்கள் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. எனவே கருவை வளர்க்கும் திரவத்தில் மாட்டின் இரத்த நீர்ப்பாயத்தையோ, அதிலுள்ள பிரதான புரதமான அல்புமினையோ கலந்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று முழுமையாகத் தெரியாவிடினும், கலங்கள் அதில் நன்றாக வளர்ந்தன. 1990களில் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. நீர்ப்பாயம் கலந்த திரவத்தில் வளர்ந்த கருக்களிலிருந்து சில வேளைகளில் அளவுக்கு மீறிப் பருத்த கன்றுகள் பிறந்தன. கருவின் உண்மையான தேவைகளை அறிந்த பின்னர், நீர்ப்பாயமே இல்லாத திரவங்களை உருவாக்க முடிந்தது.

இதே நீர்ப்பாயம் தடுப்பூசித் தயாரிப்பிலும் இடம்பெறுகிறது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா வைரசுகள் உயிருள்ள கலங்களில் மட்டுமே பெருகும். கலங்கள் வளர்வதற்குக் கன்றின் நீர்ப்பாயம் ஊட்டமாகிறது. பின்னர் கழுவித் தூய்மையாக்கினாலும் அல்புமின் சுவடளவில் எஞ்சலாம். அது ஒரு வேளை மருந்தில் 50 நனோகிராமை விஞ்சலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. ஒரு கிராமை 2 கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கே இது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒன்றுமேயில்லை. எனினும் பசுவின் அல்புமினுக்கு எதிரான பிறபொருளெதிரியை உடலில் ஏற்கனவே உருவாக்கிவிட்ட பிள்ளையின் நிலை வேறு. இவ்வல்புமின் பாலிலும் உண்டு, இறைச்சியிலும் உண்டு என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஒவ்வாமை நூல்களில் இதற்கெனத் தனிப்பெயரே உள்ளது.

2017ஆம் ஆண்டு 'வக்சின்' என்னும் சர்வதேச ஆய்விதழில் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் வைத்தியர் ரஜீவ டி சில்வாவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதனையே ஆராய்ந்தது. தடுப்பூசி ஏற்றியவுடன் ஒவ்வாமைக்குள்ளான இலங்கைக் குழந்தைகளின் இரத்தத்தை அவர்கள் சோதித்தனர். தடுப்பூசிக்கு ஏற்பட்ட எதிர்விளைவுக்குப் பசுவின் அல்புமின் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதே அவர்களது முடிவு. 'கூடும்' என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே அழுத்துகிறோம். வீதியோரப் பேச்சில் முதலில் மறைந்துபோவது அச்சொல்தான்.

2009ஆம் ஆண்டு மாத்தறையில் ருபெல்லாத் தடுப்பூசி ஏற்றப்பட்ட மாணவியொருவர் உயிரிழந்தபோது நாடெங்கும் பெற்றோர் கலங்கினர். அக்கலக்கம் நியாயமானது. ஆயினும் தடுப்பூசியே வேண்டாம் என்ற முடிவுக்குச் செல்வோர் மற்றொரு கணக்கையும் பார்த்தல் வேண்டும். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, தீவிர ஒவ்வாமை அதிர்ச்சி 10 இலட்சம் தடுப்பூசிகளில் ஏறத்தாழ 1.3 என்ற வீதத்திலேயே நேர்ந்தது. மறுபுறம், 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாகப் பிரகடனம் செய்யப்பட்ட இலங்கையில், 2023இல் அந்நோய் மீண்டும் பரவியது. தடுப்பூசி ஏற்றப்படாத குழந்தைகளையே அது முதலில் தேடிச் செல்லும்.

மாட்டின் இரத்தத்திலிருந்து எடுத்த பொருள் பிள்ளையின் உடலில் செல்வதா என்ற மனத்தாங்கல் இந்துக்கள் சிலருக்கும், ஹலால் பற்றிய ஐயம் முஸ்லிம்கள் சிலருக்கும் உண்டு. இவற்றை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. 1995ஆம் ஆண்டு குவைத்தில் மருத்துவ விஞ்ஞானங்களுக்கான இஸ்லாமிய அமைப்பு கூட்டிய கருத்தரங்கில், ஒரு பொருள் முற்றாக வேறு பொருளாக மாறிவிடும்போது அதன் சட்டநிலையும் மாறுகிறது என்ற கருத்தை உலமாக்களும் வைத்தியர்களும் ஏற்றனர். மனம் ஒப்பாதோர் தத்தம் மார்க்க அறிஞரிடமும் குடும்ப வைத்தியரிடமும் ஒருசேரக் கேட்டறியலாம்.

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. பால் அருந்தியதும், அல்லது மாட்டிறைச்சி உண்டதும், உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, மூச்சிரைப்பு ஆகியவற்றில் எதுவும் ஒரு முறையேனும் தோன்றியிருந்தால், தடுப்பூசித் தினத்துக்கு முன்னரே குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கூறிவிடுதல் வேண்டும். அத்தகைய பிள்ளைக்கு அட்ரினலின் மருந்தும் வைத்தியரும் அருகிலுள்ள வைத்தியசாலையில் ஊசி ஏற்றுவதற்கு ஒழுங்கு செய்யலாம். சாதாரண வயிற்றுப்போக்கையோ, ஒரு நாள் தோன்றிய சொறியையோ ஒவ்வாமை என்று தாமே முடிவுகட்டிப் பாலை நிறுத்திவிடுவோரும் உள்ளனர். இதனால் பிள்ளையின் நிறை குறைவதே மிச்சம். ஊசி ஏற்றியபின் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் உடனே புறப்படாது, கிளினிக்கில் சொல்லும் நேரம் வரை அங்கேயே அமர்ந்திருத்தல் நன்று. தீவிர எதிர்விளைவுகளில் பெரும்பாலானவை முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே தலைகாட்டுகின்றன. மலைத் தோட்டத்துப் பாதையில் பாதி வழியில் அது நேருமானால், மாத்தளை வைத்தியசாலை வெகு தூரம்.